ஒலிக்கும் பாடலும் உரியவரைச் சேராத ஊதியமும்

தொலைக்காட்சியில் சிறுவர்களுக்கான பாட்டுப் போட்டி நடைபெறுகின்றது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அரை நூற்றாண்டுக்கு முந்திய பாடலொன்றைப் பாடுகின்றாள். நடுவர்கள் கண் கலங்குகின்றனர். அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகின்றது. இடைவேளையில் சவர்க்காரம், பற்பசை, கையடக்கத் தொலைபேசி என விளம்பரங்கள் வரிசையாக வருகின்றன. விளம்பரதாரர் நிலையத்துக்குப் பணம் செலுத்துகின்றார். நடுவர்களுக்கு ஊதியம் உண்டு. வாத்தியக் குழுவினருக்குச் சம்பளம் உண்டு. வெற்றிபெறும் சிறுமிக்குப் பரிசு உண்டு. ஆனால், அந்தப் பாடலை எழுதியவருக்கும் அதற்கு இசையமைத்தவருக்கும் என்ன கிடைக்கின்றது என்ற கேள்வி மட்டும் எவரிடமிருந்தும் எழுவதில்லை.

இன்னொரு காட்சியையும் நாம் அடிக்கடி காண்கின்றோம். முதுமையிலும் நோயிலும் தளர்ந்துபோன கலைஞர் ஒருவருக்காக நிதி திரட்டும் நிகழ்ச்சி நடத்தப்படுகின்றது. அவரை மேடைக்கு அழைத்து வந்து பொன்னாடை போர்த்துகின்றனர். அவருடைய பாடல்களையே பாடி, அவருக்கென உண்டியல் ஏந்துகின்றனர். நல்ல உள்ளங்கள் செய்யும் அந்தப் பணியை நாம் குறை கூறவில்லை. ஆனால், அக்கலைஞரின் பாடல்கள் ஒலித்த ஒவ்வொரு வேளையிலும் அவருக்குச் சேரவேண்டியது சேர்ந்திருந்தால், அந்த உண்டியலுக்குத் தேவை ஏற்பட்டிருக்குமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கருணை வேறு, கடன் வேறு. கொடுக்கவேண்டிய கடனைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு கருணை காட்டுவதில் பெருமை இல்லை.

பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அவர்களது ஆக்கம் பயன்படுத்தப்படும்போதெல்லாம் கிடைக்கவேண்டிய பங்கையே ரோயல்டி என்கின்றோம். தொலைக்காட்சியில் ஒலிக்கும் பாடலுக்கு இது எவ்வாறு கணக்கிடப்படுகின்றது, எந்த வழியாக உரியவரைச் சென்றடைகின்றது, எந்த இடத்தில் தடைப்படுகின்றது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பாடல், பல உரிமைகள்

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பாடலைக் கேட்டவுடன் அது பாடியவருடைய பாடல் என்றே நாம் கூறுகின்றோம். சட்டத்தின் பார்வை அவ்வாறானதன்று. பாடலின் வரிகள் இலக்கிய ஆக்கம்; அவை பாடலாசிரியருக்கு உரியவை. மெட்டு இசை ஆக்கம். அது இசையமைப்பாளருக்கு உரியது. பாடியவருக்கும் வாத்தியம் இசைத்தவருக்கும் தமது நிகழ்த்துகையின் மீது தனியான உரிமை உண்டு. ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கு அப்பதிவின் மீது வேறோர் உரிமை உண்டு.

ஆகவே பாட்டுப் போட்டியில் சிறுமி பாடும்போது பழைய ஒலிப்பதிவு பயன்படுத்தப்படுவதில்லை. பழைய பாடகரின் குரலும் அங்கே இல்லை. ஆனால் வரிகளும் மெட்டும் அங்கே இருக்கின்றன. அதனால் அந்த வேளையில் முதலில் ஊதியம் பெறவேண்டியவர்கள் அவற்றை ஆக்கியவர்களே. இதனைப் பொது நிகழ்த்துகை உரிமை என்பர். மேடையில் பாடுவது, உணவகத்தில் ஒலிக்கவிடுவது, வானொலியில் ஒலிபரப்புவது, தொலைக்காட்சியில் ஒளிபரப்புவது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் குறிப்பிடல் வேண்டும். தொலைக்காட்சி நாடகமொன்றில் ஏற்கனவே உள்ள பாடலொன்றைக் காட்சியுடன் சேர்ப்பதற்கு முன்னதாகவே அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்தவேண்டும். அது பெரும்பாலும் ஒருமுறை செலுத்தும் தொகை. அந்த நாடகம் ஒளிபரப்பாகும் ஒவ்வொரு முறையும் பொது நிகழ்த்துகைக்கான ரோயல்டி தனியாகச் சேரும். ஒன்றைக் கொடுத்துவிட்டதால் மற்றையது தீர்ந்துவிடுவதில்லை. நாடகம் மறுஒளிபரப்புச் செய்யப்பட்டால் நிலையத்துக்கு மீண்டும் விளம்பர வருமானம் கிடைக்கின்றது. ஆக்கியவருக்கும் மீண்டும் பங்கு கிடைக்கவேண்டும் என்பதே இதன் அடிப்படை.

சீனித் தண்ணீரில் தொடங்கிய வழக்கு

இந்த உரிமை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1847ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், ஷாம்ப்ஸ் எலிஸே வீதியிலிருந்த உணவக அரங்கொன்றுக்கு ஏர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர் தம் நண்பர்களான இசையமைப்பாளர்களுடன் சென்றிருந்தார். அங்கே அவர்களது ஆக்கங்கள் வாடிக்கையாளர்களை மகிழ்விப்பதற்காக இசைக்கப்பட்டுக் கொண்டிருந்தன. தாம் அருந்திய சீனித் தண்ணீருக்குப் பணம் செலுத்த பூர்ஜே மறுத்துவிட்டார். எமது பாடலுக்கு நீர் பணம் தரவில்லை, உமது பானத்துக்கு நாம் ஏன் பணம் தரவேண்டும் என்பதே அவரது வாதம். வழக்கு நீதிமன்றம் சென்றது. தீர்ப்பு ஆக்கியவர்களின் பக்கம் அமைந்தது. அதன் விளைவாகவே 1851இல் சாசெம் என்ற பிரெஞ்சு உரிமைச் சங்கம் தோன்றியது. அது இன்றும் இயங்குகின்றது.

அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டு அஸ்காப் என்ற சங்கம் அமைக்கப்பட்டது. அதன் நிறுவுநர்களுள் ஒருவரான விக்டர் ஹேர்பேர்ட் என்ற இசையமைப்பாளர் நியூயோர்க்கின் ஷான்லி உணவகத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். இசைக்கென நாம் தனியாகக் கட்டணம் அறவிடுவதில்லை, எனவே நாம் எதுவும் தரவேண்டியதில்லை என்று உணவகம் வாதிட்டது. 1917ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்பெழுதிய நீதியரசர் ஹோம்ஸ் அதனை ஏற்கவில்லை. வாடிக்கையாளர் உணவுக்குக் கொடுக்கும் பணத்தில் இசைக்கான விலையும் அடங்கியிருக்கின்றது. இசையினால் பயன் இல்லையென்றால் உணவகம் அதனை வைத்திருக்காது என்பது அத்தீர்ப்பின் சாரமாகும்.

இந்த ஒரு தர்க்கத்தின் மேலேயே தொலைக்காட்சி ரோயல்டி முழுவதும் நிற்கின்றது. நாம் வீட்டில் இருந்து பாடலைக் கேட்பதற்குப் பணம் கொடுப்பதில்லை. ஆனால் எமது கண்களையும் காதுகளையும் ஈர்த்து வைத்திருப்பதற்காக விளம்பரதாரர் நிலையத்துக்குப் பணம் கொடுக்கின்றார். அந்த ஈர்ப்பில் பாடலுக்கும் பங்குண்டு.

கணக்கு எவ்வாறு போடப்படுகின்றது?

ஒரு நிலையம் ஆண்டொன்றுக்குப் பல்லாயிரம் பாடல்களை ஒளிபரப்பக்கூடும். ஒவ்வொரு பாடலுக்கும் உரியவரைத் தேடிச் சென்று அனுமதி கேட்பது நடைமுறையில் இயலாது. பாடலாசிரியராலும் நாடெங்குமுள்ள நிலையங்களை இரவு பகலாகக் கண்காணித்துக் கொண்டிருக்க முடியாது. இந்த இரு சிக்கல்களையும் தீர்ப்பதற்கே உரிமைச் சங்கங்கள் தோன்றின. ஆக்கியவர்கள் தமது நிகழ்த்துகை உரிமையை நிர்வகிக்கும் பொறுப்பைச் சங்கத்திடம் ஒப்படைக்கின்றனர். சங்கம் தன்னிடமுள்ள அனைத்துப் பாடல்களையும் பயன்படுத்துவதற்கு நிலையத்துக்கு ஒட்டுமொத்த அனுமதி வழங்குகின்றது. நிலையம் அதற்கெனக் கட்டணம் செலுத்துகின்றது.

இந்த ஒட்டுமொத்த அனுமதி முறை நியாயமானதா என்ற கேள்வி அமெரிக்காவில் எழுந்தபோது, சீ.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் அதனை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. போட்டியை ஒழிக்கும் விலைக் கூட்டு என்று அந்நிறுவனம் வாதிட்டது. எண்ணற்ற ஆக்கங்களையும் எண்ணற்ற பாவனையாளர்களையும் இணைப்பதற்கு இத்தகைய ஏற்பாடு தேவைப்படுகின்றது என்பதை ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், இம்முறை தன்னளவிலேயே சட்டவிரோதமானதென்று கூறமுடியாது என 1979ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அதேவேளை சங்கங்களும் கட்டற்ற அதிகாரம் உடையவை அல்ல. அஸ்காப்பும் அதன் போட்டிச் சங்கமான பி.எம்.ஐ.யும் 1941ஆம் ஆண்டு முதல் நீதிமன்ற ஆணைகளின் கீழேயே இயங்கி வருகின்றன. கட்டணத்தில் இணக்கம் ஏற்படாவிட்டால் நீதிமன்றம் அதனைத் தீர்மானிக்கும்.

திரண்ட பணத்தைப் பங்கிடுவதில்தான் முக்கியமான கட்டம் வருகின்றது. எந்தப் பாடல் எத்தனை முறை ஒலித்தது என்பது தெரியாமல் பங்கிட முடியாது. அதற்கான அடிப்படை ஆவணமே கியூ ஷீட் எனப்படும் இசை விபரப் பட்டியலாகும். நிகழ்ச்சியின் பெயர், பாகத்தின் எண், அதில் ஒலித்த ஒவ்வோர் இசைத்துண்டின் தலைப்பு, எழுதியவர், இசையமைத்தவர், இசை வெளியீட்டாளர், ஒலித்த நேரம், ஒலித்த விதம் ஆகியன அதில் குறிக்கப்படுகின்றன. நிகழ்ச்சியைத் தயாரித்த நிறுவனம் அதனைத் தயாரித்துச் சங்கத்துக்கு அனுப்புகின்றது.

ஒலித்த விதம் என்பது முக்கியமானது. திரையில் ஒருவர் தோன்றிப் பாடுவதற்குக் கூடிய மதிப்பெண் உண்டு. நிகழ்ச்சியின் தொடக்க இசைக்கு ஒரு மதிப்பு. காட்சியின் பின்னணியில் மெல்ல ஒலிக்கும் இசைக்குப் பொதுவாக அதனிலும் குறைவான மதிப்பு. பெருந்தொகையானோர் பார்க்கும் மாலை நேரத்துக்கும் நள்ளிரவுக்கும் வேறுபாடு உண்டு. அதிக கட்டணம் செலுத்தும் பெரிய நிலையத்தில் ஒலிக்கும் பாடலுக்குச் சிறிய நிலையத்தில் ஒலிக்கும் பாடலிலும் பார்க்கக் கூடுதல் தொகை சேரும். இவற்றைக் கூட்டிப் பெருக்கி, சங்கத்தின் நிர்வாகச் செலவைக் கழித்து, காலாண்டுக்கு ஒரு முறை பணம் பங்கிடப்படுகின்றது. இன்று ஒலித்த பாடலுக்கான பணம் பல மாதங்கள் கழிந்த பின்னரே கையில் கிடைக்கும்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு பாடலுக்கு 100 ரூபா சேர்ந்ததாக வைத்துக்கொண்டால், அமெரிக்க வழக்கப்படி 50 ரூபா ஆக்கியவர்களின் பங்கு, 50 ரூபா வெளியீட்டாளரின் பங்கு. ஆக்கியவர்களின் பங்கைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 25 ரூபா. பாடியவருக்கு இதில் எதுவுமில்லை. ஆக்கியவர்களின் பங்கு வெளியீட்டாளரின் கைக்குப் போகாமல் சங்கத்திலிருந்து நேரடியாகவே அவர்களைச் சென்றடையும். இந்த நேரடி வழியே பல கலைஞர்களை முதுமையில் காப்பாற்றியிருக்கின்றது.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் பணமும் இல்லை. பெயர் தவறாக எழுதப்பட்டிருந்தால் பணம் வேறெங்கோ போகும். நாடே முணுமுணுக்கும் பாடலாக இருந்தாலும், அதன் புகழ் தானாகப் பணமாக மாறுவதில்லை. யாரோ ஓர் அலுவலர் ஒரு தாளில் சரியாக எழுதிய ஒரு வரியே அதனைப் பணமாக மாற்றுகின்றது.

பாடப்படாத வரிகளுக்கும் பணம்

இந்தத் தாளின் வலிமையைக் காட்டும் இரு சம்பவங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் உண்டு.

1970ஆம் ஆண்டு வெளியான மேஷ் என்ற திரைப்படத்தின் பாடலுக்கு ஜொனி மாண்டல் இசையமைத்தார். அதன் வரிகளை எழுதியவர் இயக்குநர் ரொபேர்ட் ஓல்ட்மனின் பதின்ம வயது மகன் மைக். 1972 முதல் 1983 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடருக்கு அதே மெட்டு தொடக்க இசையாக அமைந்தது. தொடரில் வரிகள் பாடப்படவில்லை. இசை மட்டுமே ஒலித்தது. ஆயினும் அது வரிகளுடன் பதிவுசெய்யப்பட்ட பாடல் என்பதால் எழுதியவருக்கும் பங்கு சேர்ந்தது. படத்தை இயக்கிய தமக்குக் கிடைத்தது 70,000 டொலர் என்றும், பாடலை எழுதிய மகனுக்குப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் கிடைத்தது என்றும் தந்தையே பின்னாளில் கூறினார்.

அதே விதி இன்னொருவரின் பங்கைப் பறிப்பதற்கும் பயன்பட்டது. 1966ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரின் புகழ்பெற்ற தொடக்க இசையை அமைத்தவர் அலெக்சாண்டர் கரேஜ். தொடரை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி, அந்த இசைக்கு வரிகள் எழுதும் உரிமையை ஒப்பந்தத்தில் தமக்கென வைத்திருந்தார். பின்னர் வரிகளை எழுதிப் பதிவும் செய்தார். அவை தொடரில் ஒருபோதும் பாடப்படவில்லை. ஆனால் பாடலாசிரியர் என்ற வகையில் நிகழ்த்துகை ரோயல்டியில் பாதி அவருக்குச் சென்றது. 79 பாகங்களுடன் 1969இல் முடிவடைந்த அத்தொடர் அதன் பின்னர் பல தசாப்தங்களாக மறுஒளிபரப்பாகி வந்தது. ஒவ்வொரு மறுஒளிபரப்பிலும் இசையமைத்தவருக்குச் சேரவேண்டியதில் பாதி அவரிடமிருந்து விலகிச் சென்றது. இதில் சட்டமீறல் எதுவுமில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது, இசையமைப்பாளர் கையொப்பமிட்டிருந்தார். அவ்வளவே.

இத்தகைய முயற்சிகள் பழங்கதையாகிவிடவுமில்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியில் டிஸ்கவரி நிறுவனம், தனது நிகழ்ச்சிகளுக்கு இசையமைப்போர் நிகழ்த்துகை ரோயல்டியைக் கைவிட்டு ஒரே தடவையில் பணம் பெற்றுக்கொள்ளவேண்டும் எனக் கேட்டது. இசையமைப்பாளர்கள் ஒன்றுதிரண்டு எதிர்ப்புத் தெரிவித்ததும் அந்நிபந்தனையிலிருந்து பின்வாங்கியது. எதிர்ப்பதற்கு ஓர் அமைப்பு இருந்ததால் அது இயன்றது.

தமிழ்த் திரையிசையும் 2012ஆம் ஆண்டுச் சட்டமும்

எமது செவிகளுக்கு மிக நெருக்கமான தமிழ்த் திரைப்பாடல்களின் நிலை நீண்ட காலமாக வேறுவிதமாகவே இருந்தது. இந்தியாவில் 1969ஆம் ஆண்டு நிகழ்த்துகை உரிமைச் சங்கம் தோன்றியது. ஆனால் 1977ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று நிலைமையை மாற்றியது. மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, படத்துக்கென ஊதியம் கொடுத்து ஆக்குவிக்கப்பட்ட பாடலின் உரிமை படத் தயாரிப்பாளருக்கே உரியது என்று அத்தீர்ப்புக் கூறியது. அதே வழக்கில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர், பாடகருக்குச் சட்டத்தில் இடமில்லாதிருப்பதைச் சுட்டிக்காட்டித் தனிக் குறிப்பொன்றை எழுதினார். நிகழ்த்துநரின் உரிமை 1994ஆம் ஆண்டிலேயே இந்தியச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

தீர்ப்பின் விளைவு கடுமையானது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் படத்துக்கென ஒருமுறை சம்பளம் கிடைக்கும். பின்னர் அப்பாடல் எத்தனை தலைமுறைகளுக்கு ஒலித்தாலும் பணம் தயாரிப்பாளருக்கோ அவரிடம் உரிமை வாங்கிய இசைத்தட்டு நிறுவனத்துக்கோ சென்றது.

இந்தி பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் உள்ளிட்டோரின் நீண்ட முயற்சியின் பின்னர், 2012ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. ஜாவேத் அக்தர் அப்போது மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். அத்திருத்தத்தின்படி, படத்துடன் சேர்த்துத் திரையரங்கில் காண்பிக்கப்படும் சந்தர்ப்பம் தவிர்ந்த ஏனைய பயன்பாடுகளுக்கான ரோயல்டியில், உரிமையை வாங்கியவருடன் சமமாகப் பங்கு பெறும் உரித்து பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உண்டு. இந்த உரித்தை அவர்கள் விரும்பினாலும் விட்டுக்கொடுக்க இயலாது. சட்டப்படியான வாரிசுகளுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதனை ஒப்படைக்கலாம்.

விரும்பினாலும் விட்டுக்கொடுக்க இயலாது என்ற அம்சமே இத்திருத்தத்தின் உயிர்நாடியாகும். வாய்ப்புத் தேடி வரும் இளங்கவிஞர் தயாரிப்பாளர் நீட்டும் எந்தத் தாளிலும் கையொப்பமிடுவார். பசியும் ஆசையும் அவரைக் கையொப்பமிட வைக்கும். அந்தப் பலவீனமான வேளையிலிருந்து அவரைச் சட்டமே காப்பாற்றுகின்றது. சட்டம் வந்த பின்னரும் நிலையங்கள் சில உடனடியாக இணங்கவில்லை. ஒலிப்பதிவுக்குப் பணம் கொடுத்துவிட்டோம், வரிகளுக்கும் மெட்டுக்கும் தனியாக ஏன் கொடுக்கவேண்டும் என்று பண்பலை வானொலிகள் வாதிட்டன. கொடுத்தே ஆகவேண்டும் என்று 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டம் நிறைவேறியதற்கும் இத்தீர்ப்புக்கும் இடையில் ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள் கழிந்தன.

எமது நிலை

இனி எமது நாட்டுக்கு வருவோம். இலக்கிய, கலை ஆக்கங்களைப் பாதுகாக்கும் பேர்ன் சமவாயத்தில் இலங்கை 1959ஆம் ஆண்டு இணைந்தது. 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவையும், அதற்குப் பதிலாக வந்த 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஆக்கியவரின் உரிமையை அங்கீகரித்துள்ளன. பொது நிகழ்த்துகைக்கும் ஒலி, ஒளிபரப்புக்கும் அனுமதி வழங்கும் உரிமை ஆக்கியவருக்கு உண்டு. அவ்வுரிமை அவரது வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின்னர் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். ஆக்கத்துடன் தமது பெயர் குறிப்பிடப்படவேண்டும் எனக் கோரும் உரிமையும் அவருக்கு உண்டு. உரிமையை மாற்றிக்கொடுப்பதாயின் எழுத்துமூலம் செய்யப்படவேண்டும். ஆக்கியவர்கள் சார்பில் பணம் திரட்டிப் பங்கிடும் சங்கங்கள் பதிவு செய்துகொண்டு இயங்குவதற்கும் சட்டம் வழி வகுத்துள்ளது.

சட்டத்தில் குறைவில்லை என்றே கூறலாம். ஆயினும், நாம் அறிந்தவரை, எமது தமிழ்ப் பாடலாசிரியர்களுள் ரோயல்டியை நம்பி வாழ்பவர் ஒருவரைக் காண்பது அரிது. இதற்குப் பல காரணங்கள் உள.

முதலாவது, பெயர் மறைந்துபோதல். நித்தி கனகரத்தினத்தின் சின்ன மாமியே என்ற பொப் இசைப் பாடலை அறியாத தமிழர் எமது நாட்டில் இருக்க மாட்டார்கள். திருமண வீடுகளிலும் சுற்றுலாப் பஸ்களிலும் அது ஒலிக்கின்றது. பாடுவோரில் எத்தனை பேர் அதனை ஆக்கியவரின் பெயரை அறிவர்? ஒரு பாடல் மக்களின் சொத்தாகிவிட்டது என்று நாம் பெருமையாகக் கூறும் நேரத்திலேயே, அதற்கு உரியவர் ஒருவர் இருக்கின்றார் என்பதை மறந்துவிடுகின்றோம். இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையின் மெல்லிசைப் பாடல்களுக்கு வரிகள் தந்த கவிஞர்கள் பலரது பெயர்கள் இன்று மூத்த நேயர்களின் நினைவில் மட்டுமே உள்ளன.

இரண்டாவது, ஒப்பந்தம் எழுதாமை. இங்கே பாடல்கள் பெரும்பாலும் நட்பின் பேரிலும் ஆர்வத்தின் பேரிலுமே பிறக்கின்றன. ஓர் இளைஞர் கவிதை தருகின்றார், இன்னொருவர் மெட்டமைக்கின்றார், மூன்றாமவர் பணம் போட்டு இறுவட்டு வெளியிடுகின்றார். யாருக்கு எத்தனை பங்கு என்று எவரும் எழுதி வைப்பதில்லை. பணம் பேசினால் நட்புக் கெட்டுவிடும் என்று அஞ்சுகின்றோம். பேசாமல் விட்டதால் கெட்ட நட்புகளே அதிகம். நிறுவனத்தில் ஊழியராக இருந்து ஆக்கியவற்றுக்கு வேறு விதியும் உண்டு. மாறான உடன்பாடு இல்லாதவிடத்து அவற்றின் பொருளாதார உரிமை தொழில் வழங்குநரைச் சார்ந்தது. இதனை அறியாமல் தமது வாழ்நாள் ஆக்கங்களை நிலையங்களில் விட்டுச் செல்வோர் இருக்கக்கூடும்.

மூன்றாவது, பதிவு இல்லாமை. மேலே கூறிய இசை விபரப் பட்டியலை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முழுமையாகத் தயாரிக்கும் ஒழுங்கு இல்லாதவிடத்து, நிலையம் கட்டணம் செலுத்தினாலும் அது யாருக்கு உரியதென்று எவராலும் கூற முடியாது. பட்டியல் இல்லாத பணம் புகழ்பெற்ற சிலரிடமே போய்ச் சேரும். சிறுபான்மை மொழியில் எழுதுவோரும் கிராமப்புறக் கலைஞரும் கணக்கிலிருந்து விடுபட்டுப் போவர்.

பேர்ன் சமவாயத்தின் இன்னொரு பயனையும் நாம் மறந்துவிடலாகாது. இலங்கையும் இந்தியாவும் அதில் உறுப்புரிமை பெற்ற நாடுகள். இந்தியப் பாடலாசிரியரின் பாடல் இங்கே ஒளிபரப்பாகும்போது அவருக்கு இங்கே உரிமை உண்டு. எமது கவிஞரின் பாடல் அங்கே ஒளிபரப்பாகும்போது அவருக்கு அங்கே உரிமை உண்டு. நாள் முழுவதும் தென்னிந்தியப் பாடல்களை ஒலிக்கவிடும் எமது அலைவரிசைகள், அவர்களது உரிமையை மதிக்காமல் எமது கலைஞரின் உரிமையை மட்டும் வெளிநாடுகளில் எதிர்பார்க்க முடியாது.

புலம்பெயர்ந்து வாழும் எமது கலைஞர்களுக்கு இதில் சாதகமான நிலை உண்டு. பிரித்தானியாவில் பி.ஆர்.எஸ்., கனடாவில் சோகான், நோர்வேயில் தோனோ, பிரான்ஸில் சாசெம் என நன்கு இயங்கும் சங்கங்கள் உள்ளன. தமிழில் எழுதினாலும் அவற்றில் உறுப்பினராகலாம். உறுப்பினருக்குச் சர்வதேச அடையாள இலக்கமொன்று வழங்கப்படும். ஒவ்வொரு பாடலுக்கும் தனி இலக்கம் பெறலாம். சங்கங்கள் தமக்கிடையே செய்துகொண்ட உடன்படிக்கைகள் மூலம் ஒரு நாட்டில் திரளும் பணம் இன்னொரு நாட்டிலுள்ள ஆக்கியவரைச் சென்றடைகின்றது. ஆனால் பாடலைப் பதிவு செய்யாதவருக்கு எந்த நாட்டிலும் பணம் வராது.

செய்யவேண்டியவை

இவற்றைத் திருத்துவதற்குப் பெரும் புரட்சி எதுவும் தேவையில்லை. அரச, தனியார் தொலைக்காட்சி நிலையங்கள் அனைத்தும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இசை விபரப் பட்டியல் தயாரித்தல் வேண்டும். இன்றைய கணினி வசதியில் இது கடினமான பணியன்று. அப்பட்டியலில் பாடியவரின் பெயருடன் எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களும் கட்டாயமாக இடம்பெறவேண்டும். பாட்டுப் போட்டிகளில் திரையின் அடியில் அப்பெயர்களைக் காண்பிப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

உரிமைச் சங்கங்கள் தாம் எவ்வளவு திரட்டின, எவ்வளவு செலவிட்டன, யாருக்கு எவ்வளவு பங்கிட்டன என்பதை மும்மொழிகளிலும் ஆண்டுதோறும் வெளியிடுதல் வேண்டும். கணக்குத் தெரியாத சங்கத்தைக் கலைஞர் நம்பமாட்டார். கலைஞர் நம்பாத சங்கத்தை நிலையம் மதிக்காது. அரசாங்கமும் இந்தியாவின் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தை ஆராய்ந்து, விட்டுக்கொடுக்க இயலாத பங்குரிமை எமது சட்டத்திலும் இடம்பெறவேண்டுமா என்பதைப் பரிசீலித்தல் நன்று.

கலைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் எழுதிய பாடல்களின் பட்டியல் உங்களிடம் உண்டா? எந்த ஆண்டு, யாருக்காக, எந்த இசையமைப்பாளருடன் என்ற விபரங்கள் ஒரு கொப்பியிலாவது எழுதப்பட்டுள்ளனவா? இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். உங்கள் மறைவின் பின்னரும் 70 ஆண்டுகள் வாழும் சொத்து அது. வீட்டு உறுதியைப் பெட்டியில் பூட்டி வைக்கும் நாம், பாட்டின் உறுதியைக் காற்றில் விட்டுவிடுகின்றோம். பிள்ளைகள் பின்னர் எதனைக் காட்டி உரிமை கோருவர்?

பூர்ஜே அன்று மறுத்தது ஒரு கிண்ணம் சீனித் தண்ணீருக்கான பணத்தை. அவர் கேட்டது பிச்சையன்று, கணக்கு. எமது மூத்த கவிஞர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் பொன்னாடை போர்த்த மேடை அமைக்கும் முன்னர், அந்தக் கணக்கை நாமும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.